ராஜ்மா தானாக வந்துவிடும்

குன்னூர் மலைச்சரிவில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா ரெஜினா மேடம், தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். மேலே, பக்கத்திலிருக்கும் தனியார் கல்லூரியில் பாடம் நடத்தும் நாலு பெண்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒன்பது பட்டங்கள். ஒன்பதையும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒன்பதாவதுக்கு ஆணி அடித்தபோதுதான் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய் உடைந்து, கீழ்வீட்டில் இரண்டு நாள் மழை பெய்தது.

இவர்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் குறை.

குடிவந்த வாரமே ரெஜினா மேடம் சொன்னார்: "கேட்டைத் திறந்து போடாதீங்கம்மா, மாடு வந்து ரோஜாவைத் தின்னுடுது." அன்றிலிருந்து நாலு பேரும் கேட்டைத் திறப்பதையே விட்டுவிட்டு, தினமும் காலை எட்டரை மணிக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்துக் கல்லூரிக்குப் போனார்கள். "மொட்டைமாடியில துணி காயப் போடாதீங்க, அசிங்கமா இருக்கு" என்றார். ஈரத்துணியை மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் கட்டி ஐந்தாம் எண்ணில் சுழலவிட்டார்கள். துணி காய்ந்தது. மின்விசிறிதான் கீழே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மேடம் நீளமாகப் பேசவில்லை. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

மற்ற மூவரும் அழுதார்கள். இளவஞ்சி அழவில்லை, அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. விலங்கியல் சொல்லித்தரும் இளவஞ்சிக்கு மனிதர்கள் என்றால் கூச்சம். வகுப்பில்கூட பின்சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவாள். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவாள், ஏனென்றால் 'இல்லை' என்று சொன்னால் காரணமும் சொல்ல வேண்டிவரும். அப்படித் தலையாட்டியே மூன்று வருடத்தில் ஏழு விடுதிகளில் ஏழு கட்டில்களைப் பறிகொடுத்தவள். இந்த வீட்டில்தான் அவளுக்கென்று ஜன்னலோரம் ஒரு கட்டில் இருந்தது. இதுவரை அதை யாரும் கேட்கவில்லை. புதுவீடு தேடுவதென்றால் குறைந்தது பத்து அந்நியர்களிடம் பேச வேண்டும். ஒவ்வொருவரிடமும் "நீங்க சைவமா?" என்பதில் தொடங்கி "கல்யாணம் எப்போ?" என்பதுவரை பதில் சொல்ல வேண்டும். நினைத்தாலே நூற்றிரண்டு டிகிரி அடித்தது.

இந்த நிலைமையில்தான் ரெஜினா மேடம் ஒரு வியாழக்கிழமை மாடியேறி வந்தார். அவருடைய தம்பி அமலதாஸ் இருபது வருடம் அமெரிக்காவில் லாரி ஓட்டியவர். இப்போது ஊருக்குத் திரும்பியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறார். அங்கே நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஸ்ட்ராபெரி பை என்று ஒன்று கொடுப்பார்களாம். மொறுமொறு மாவுக் கிண்ணத்தில் முழு முழு ஸ்ட்ராபெரியாக அடுக்கி, மேலே சிவப்புப் பாகு ஊற்றி, குளிரவைத்து, வெட்டித் தட்டில் வைப்பார்கள். அதைத்தான் கேட்கிறானாம் தம்பி.

"எனக்குக் கை நடுங்குது. உங்கள்ல யாருக்காவது செய்ய வருமா?" என்று கேட்ட மேடம், வாசலுக்கு மிக அருகில் நின்ற இளவஞ்சியைப் பார்த்தார்.

இளவஞ்சி தலையாட்டினாள்.

"நிஜமாவா?"

மறுபடியும் ஆட்டினாள். முதல் முறை ஆட்டிவிட்டு இரண்டாம் முறை ஆட்டாமலிருப்பது மரியாதையில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"சரி. அவன் வாய்க்குப் பிடிச்சிருந்தா வீட்டைப் பத்தி யோசிக்கலாம். அவனே எழுதி அனுப்பியிருக்கான், இந்தா." நாலாக மடித்த தாளை நீட்டினார். "இதுல இருக்கறபடி அப்படியே செய்யணும். ஒரு எழுத்து மாறக் கூடாது."

ஒரு எழுத்து மாறக் கூடாது என்று இந்த நாலு பேரிடம் போய்ச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

சனிக்கிழமை மாலை ஆலோசனைக் கூட்டம். தலைமை, மனையியல் விரிவுரையாளர் கற்பகவள்ளி. பொள்ளாச்சிக்காரி, மூத்தவள், சமையலில் பட்டம் பெற்றவள் என்பதால் சமைக்கச் சொன்னால் முதலில் முன்னுரை எழுதுவாள். கணிதத்துக்கு மேலப்பாளையம் மெஹராஜ். வரலாற்றுக்கு நாசரேத்து ஜெபஸ்டினா. தடிமனான கண்ணாடி, அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. இளவஞ்சி குறிப்பெடுத்தாள். எந்தக் கூட்டத்திலும் குறிப்பெடுப்பவரை யாரும் பேசச் சொல்வதில்லை.

கற்பகம் தாளை வாசித்தாள். "'மாவுக் கிண்ணத்தை வெறுமனே சுட்டால் நடுவில் உப்பிவிடும். ஆகவே அதன்மேல் தாள் விரித்து, அரைக் கிலோ ராஜ்மாவை நிரப்பிச் சுடவும். பிறகு தாளைத் தூக்கினால் ராஜ்மா தானாக வந்துவிடும்.'" வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடி இல்லாத மூக்கைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். "இதுல ஒரு பெரிய ஆபத்து இருக்குது கண்ணுங்களா."

"என்னக்கா?"

"ராஜ்மாவை ஊறவைக்கணும்னு எழுதல. ஊறவைக்காத ராஜ்மா வயித்துக்கு ஆகாது. ரெண்டாம் வருசப் புஸ்தகத்துல மூணாம் பாடம்."

"பாவம், லாரி ஓட்டறவருக்கு அதெல்லாம் எங்க தெரியும்" என்று ஜெபஸ்டினா வருத்தப்பட்டாள்.

ராஜ்மா ஊறியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உப்புப் போட்டு நாலு விசிலும் விட்டாயிற்று.

ஏழு மணிக்கு மாவு வேலை. 'வெண்ணெயை மாவில் பட்டாணி அளவுத் துண்டுகளாக உதிர்க்கவும்' என்றிருந்தது. மெஹராஜ் கையை உயர்த்தினாள்.

"எந்தப் பட்டாணி? பச்சையா, காஞ்சதா? ரெண்டுக்கும் விட்டம் வேற."

"அமெரிக்கப் பட்டாணியா இருக்கும்" என்றாள் ஜெபஸ்டினா.

"ஏட்டி, அதை எங்க போய் அளக்க?"

கடைசியில் இரண்டு பட்டாணியிலும் பத்துப் பத்து எடுத்து, நூல் சுற்றி அளந்து, சராசரி கண்டுபிடித்தாள் மெஹராஜ். ஏழு மில்லிமீட்டரும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சம்தான் வெட்டுவதற்குச் சிரமமாக இருந்தது. ஒவ்வொரு வெண்ணெய்த் துண்டையும் வெட்டி, ஒரு பட்டாணிக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, சரியென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே மாவில் போட்டார்கள். முப்பத்தோராவது துண்டு வரும்போது முதல் துண்டு குட்டையாகத் தேங்கியிருந்தது.

பிசைந்து முடித்ததும் மெஹராஜ் முகம் கறுத்தது. "இருபது பட்டாணி வச்சிருந்தேன். பதினாறுதான் இருக்கு."

எல்லோரும் மாவுருண்டையைப் பார்த்தார்கள்.

"நல்லதுதானே" என்றாள் கற்பகம். "வெண்ணெய்க்கும் பட்டாணிக்கும் வித்தியாசமே தெரியாம கலந்துடுச்சுன்னா, அளவு அவ்வளவு துல்லியம்னு அர்த்தம்."

மெஹராஜுக்குக் கண்கலங்கிவிட்டது. கணிதம் படித்ததற்கு முதல் முறையாக ஒரு பலன்.

அடுத்தது: 'மாவைக் குளிர்ந்த இடத்தில், தொந்தரவு செய்யாமல், ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க விடவும்.' வீட்டிலேயே குளிர்ந்த இடம் இளவஞ்சியின் ஜன்னலோரக் கட்டில். "வஞ்சி, உன் கட்டிலை ஒரு மணி நேரம் குடுக்கறியா?" என்றாள் கற்பகம். வஞ்சி தலையாட்டினாள். எட்டாவது கட்டில். இந்த முறை ஒரு மாவுருண்டைக்கு.

தலையணை வைத்து, துண்டு போர்த்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். சத்தம் கேட்கக் கூடாது என்று கைப்பேசிகளை அணைத்தார்கள். கூடத்தில் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜெபஸ்டினாவுக்குத் தும்மல் வந்தபோது ஓடிப்போய்க் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வாளிக்குள் தலையைவிட்டுத் தும்மினாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. ரெஜினா மேடம். இளவஞ்சி ஓடிப்போய்த் திறந்து, வாயில் விரல் வைத்தாள்.

"என்னாச்சு?"

"தூங்குது மேடம்" என்று கிசுகிசுத்தாள்.

"யாரு தூங்கறா?"

"மாவு."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படியிறங்கினார். ஆறாவது படியில்தான், தானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் இறங்கிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அதற்காக அன்று முழுவதும் தன்மேலேயே அவருக்குக் கோபம்.

மாவு எழுந்ததும் (எழுப்ப வேண்டுமா, தானாக எழுமா என்ற விவாதத்தை இங்கே விட்டுவிடலாம்) தேய்த்து, தகரத்தட்டில் கிண்ணமாகப் பரப்பி, மேடம் கொடுத்தனுப்பிய பழைய ஓவனுக்குத் தயார் செய்தார்கள். தாள் வேண்டும். ஜெபஸ்டினா மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியின் விடைத்தாளைக் கொண்டுவந்தாள். "ஒண்ணுமே எழுதல, சுத்தமான தாள்" என்றாள். விரித்து, அதன்மேல் வெந்த ராஜ்மாவை ஆவி பறக்கக் கொட்டினார்கள்.

அரை மணி நேரம் கழித்துத் தட்டை வெளியே எடுத்து, கற்பகம் தாளின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கினாள். இரண்டு முனைகளும் வந்தன. மற்றது வரவில்லை. ராஜ்மாவின் ஈரத்தில் தாள் கூழாகி, மாவோடு மாவாக ஒட்டியிருந்தது. மேலே ராஜ்மா மட்டும் சிவப்பாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"கரண்டியால எடுக்கலாமா?" என்றாள் மெஹராஜ்.

"கரண்டின்னு எழுதியிருக்கா?" கற்பகம் அமலதாஸின் குறிப்புத் தாளைப் பார்த்தாள். "'தானாக வந்துவிடும்.' அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரத்துல வரும்?"

"அது போடல."

நாலு பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். கால் மணி நேரமாயிற்று. ஒரு ராஜ்மா லேசாக நகர்ந்த மாதிரி ஜெபஸ்டினாவுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அது பழைய இடத்தில்தான் இருந்தது.

"நாம பார்த்துட்டே இருந்தா கூச்சப்படும்" என்றாள் கற்பகம். "நம்ம வஞ்சி மாதிரி. தனியா விட்டுட்டு மத்த வேலையப் பார்ப்போம். அதுவா வரட்டும்."

இளவஞ்சிக்கு அந்த ராஜ்மாமேல் முதல் முறையாக ஒரு பாசம் வந்தது.

மற்ற வேலை, ஸ்ட்ராபெரி. ஒரு கிலோ வாங்கியிருந்தார்கள். பாதியைப் பாகுக்கு மசிக்க வேண்டும். 'மீதியை ஒரே அளவாகப் பொறுக்கி, கழுவி, துளி ஈரம் இல்லாமல் நன்றாகக் காயவைக்கவும்.' மெஹராஜ் தன் குழந்தைப்பருவத்து வளையலைக் கொண்டுவந்து, அதற்குள் நுழைகிற பழங்களை மட்டும் பொறுக்கினாள். நாற்பத்தேழு தேறின. ஒரு பக்கம் வீங்கி, கோணலாக, முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்த நாற்பத்தெட்டாவதை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒற்றைப்படை வேண்டாமென்று சேர்த்துக்கொண்டாள்.

"நல்லாக் காயணும்னா வெயில்தான்" என்றாள் கற்பகம். "எங்கூர்ல மொளகா அப்படித்தான் காயும்."

"மொட்டைமாடியில துணி காயப் போடக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்களே?"

"இது துணியா?"

இல்லை என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். தாம்பாளத்தில் பரப்பி மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் ஸ்டூல் போட்டு இளவஞ்சியை உட்காரவைத்தாள் கற்பகம்.

"வஞ்சி, கண்ணை எடுக்காம பார்த்துக்கோ கண்ணு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

வஞ்சி தலையாட்டினாள். குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள்.

கீழே பாகு கொதித்தது. மசித்த பழம், சர்க்கரை, கரைத்த சோள மாவு. 'முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும்வரை கிளறவும்.' கற்பகம் கிளறினாள். பாகு கண்ணாடிபோல் மின்னியது. குனிந்து பார்த்தாள்.

"தெரியுதுக்கா?"

"தெரியுது. ஆனா எனக்குத்தான் தெரியுது. யாரு முகம்னு அவர் போடலையே?"

கேள்வி நியாயமானது. மெஹராஜ் பார்த்தாள், அவள் முகமும் தெரிந்தது. ஜெபஸ்டினா குனிந்தாள்; கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. "எனக்குத் தெரியல, இன்னும் கிளறுங்க" என்றாள். கிளறினார்கள். மறுபடி குனிந்தாள், மறுபடி ஆவி. ஒன்பது முறை இப்படி நடந்தது. பாகு கரண்டியை விட மறுக்கும் பதத்துக்கு வந்துவிட்டது.

"வரலாறு படிச்சவ முகத்துக்கு இது போதும்" என்று மெஹராஜ் அடுப்பை அணைத்தாள்.

அந்த நேரத்தில் இளவஞ்சி படியிறங்கி வந்தாள். கையில் தாம்பாளம், அக்குளில் குறிப்பேடு.

"காஞ்சிடுச்சா?"

தலையாட்டினாள்.

"ஏதாவது குறைஞ்சுதா?"

அதற்கும் தலையாட்டிவிட்டுக் குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னாள்: "நாற்பத்தேழு குறைஞ்சிருக்குக்கா."

தாம்பாளத்தில் ஒன்று இருந்தது. அந்தக் கோணல் பழம்.

"கொரங்கா? ஏட்டி, விரட்ட வேண்டியதுதானே!" என்று மெஹராஜ் கத்தினாள்.

"தெரிஞ்சாகணும்னுதான் சொன்னாங்க" என்றாள் இளவஞ்சி மெதுவாக. அது உண்மை. ஆனால் முழு உண்மையல்ல. முன்பின் பழக்கமில்லாத ஒருவரை, அதுவும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எப்படி எழுந்துபோ என்று சொல்வது? அவர் ஒவ்வொரு பழத்தையும் எடுக்குமுன் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். நாற்பத்தேழு முறை.

கற்பகம் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சொன்ன வேலையச் சுத்தமாச் செஞ்சிருக்கா. அவ மேல தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். ஜெபஸ்டினாவைச் சந்தைக்கு அனுப்பினார்கள். ஞாயிறு மதியம், பழக்காரர்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இளவஞ்சி ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தாள். தலையணையில் மாவுருண்டையின் பள்ளம் இன்னும் இருந்தது. பத்து அந்நியர்கள். "நீங்க சைவமா?" நெற்றி சுட ஆரம்பித்தது.

அப்போது சமையலறையிலிருந்து கற்பகம் கூவினாள். "கண்ணுங்களா! ராஜ்மா இன்னும் வரல!"

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மாவுக் கிண்ணம் நிறைய ராஜ்மா. சிவப்பு. நெருக்கமாக. ஒரே அளவு.

"'கிண்ணத்தில் சிவந்த பழங்களை நெருக்கமாக அடுக்கவும்'" என்று கற்பகம் மெதுவாக வாசித்தாள். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாவரவியல்படி ராஜ்மா பழமா?" என்றாள் மெஹராஜ்.

"பழத்துக்குள்ள இருக்கற விதை" என்றாள் இளவஞ்சி.

"அப்ப பழத்தைவிட ஒரு படி உள்ளே. இன்னும் உசத்தி."

பாகை மேலே தள்ளிப் பரப்பினார்கள். 'நடுவில் அழகான பழத்தை மூக்கு மேலே பார்த்தபடி நிறுத்தவும்.' இருந்ததிலேயே அழகானது அந்தக் கோணல்தான், ஏனென்றால் இருந்தது அது ஒன்றுதான். நிறுத்தினார்கள். அது அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றது.

'நாலு மணி நேரம் பிரிட்ஜைத் திறக்கவே கூடாது.' பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே வைத்துச் சாத்தினார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஜெபஸ்டினா சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"எக்கா, என் கண்ணாடியைக் காணோம். உள்ள வைக்கும்போது குனிஞ்சு பார்த்தேன்..."

எல்லோரும் பிரிட்ஜைப் பார்த்தார்கள்.

"நாலே முக்காலுக்கு எடுத்துக்கலாம்" என்றாள் கற்பகம்.

தயிரும் குழம்பும் உள்ளே இருந்ததால் மதியம் வெறுஞ்சோறு. ஜெபஸ்டினா மின்விசிறி இல்லாத கொக்கியைப் பார்த்து, "யாரு அது, மெஹராஜா?" என்று இரண்டு முறை கேட்டாள். மூன்று மணிக்கு அரை மணி நேரம் மின்சாரம் போயிற்று. அந்த அரை மணி நேரம் கணக்கில் சேருமா சேராதா என்று மெஹராஜும் கற்பகமும் மின்சாரம் வந்த பிறகும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். சேராது என்று முடிவானது. ஐந்தேகாலுக்குத்தான் திறக்கலாம்.

அமலதாஸ் ஐந்துக்கே வந்துவிட்டார். பெரிய மனிதர், லாரி ஓட்டியவரைப்போல இல்லை, லாரியைப்போலவே இருந்தார். மேலே கூடத்தில் உட்கார்ந்து ஒன்பது பட்டங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ரெஜினா மேடம் நின்றுகொண்டே இருந்தார். ஐந்து பதினாலு. ஐந்து பதினைந்து.

பை வந்தது. சிவப்பு மின்னியது. அமலதாஸின் முகம் அதில் தெரிந்தது. "அக்கா!" என்றார். கத்தியை வைத்து அழுத்தினார். பாகு இழுத்துப் பிடித்தது. எழுந்து நின்று இரண்டு கையாலும் அழுத்தினார். ஒரு துண்டு விண்டு தட்டில் விழுந்தது.

தட்டில் ராஜ்மா உருண்டது.

அமலதாஸ் ஒரு ராஜ்மாவை முள்கரண்டியால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியிலிருந்து ஒரு பச்சைப் பட்டாணி எட்டிப்பார்த்தது. அதற்கும் அடியில், ஊதா மையில், 'பதிவு எண்' என்று அச்சடித்த ஒரு காகிதத் துண்டு.

"இதை யாரு செஞ்சது?" என்று கேட்டார் ரெஜினா மேடம். அவர் குரலில் முத்திரை குத்தும் சத்தம்.

மூவர் ஓரடி பின்னால் போனார்கள். இளவஞ்சி நகரவில்லை, கால் வரவில்லை. அதனால் முன்னால் நிற்பதுபோல் ஆகிவிட்டது.

"ஸ்ட்ராபெரி எங்கம்மா?" என்றார் அமலதாஸ்.

இது தலையாட்டலில் அடங்காத கேள்வி. இளவஞ்சி குறிப்பேட்டைத் திறந்தாள். கடிகாரம் எங்கே என்று தேடினாள். எதிரே பட்டங்கள்தான் இருந்தன. அவற்றைப் பார்த்து வாசித்தாள்.

"பதினொண்ணு பத்து. ஒருவர் வந்தார். ஆண். நடுவயது. இடது காதில் வெட்டு. பதினொண்ணு பன்னிரண்டு. தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பதினொண்ணு பதிமூணு. ஒன்று எடுத்தார். பதினொண்ணு பதினாலு. காம்பைக் கிள்ளி ஓரமாக வைத்தார். சுத்தமானவர். இரண்டாவதை எடுத்தார்..."

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் அவள் நிறுத்தவில்லை.

"...பதினொண்ணு முப்பத்தொம்பது. நாற்பத்தேழு. பதினொண்ணு நாற்பது. நாற்பத்தெட்டாவதைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். திரும்ப வைத்துவிட்டார். பதினொண்ணு நாற்பத்தொண்ணு. போய்விட்டார். நன்றி சொல்லவில்லை."

அமலதாஸ் பையின் நடுவில் நின்ற கோணல் பழத்தைப் பார்த்தார். "இதுவா அது?" என்றார்.

"ஆமா சார்."

"குரங்கு வேணாம்னு வச்சது?"

"ஆமா சார்."

அவர் உடம்பு குலுங்கத் தொடங்கியது. முதலில் நாற்காலி ஆடியது, பிறகு மேசை, பிறகு சுவரில் ஒன்பதாவது பட்டம். கண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு நடுவே ஒரு வாய் ராஜ்மாவைப் போட்டுக்கொண்டார். மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"அக்கா, அங்க டப்பாவுல இதே மாதிரி இனிப்புப் பீன்ஸ் விப்பாங்க. இருபது வருசம் அதைத்தான் தின்னேன். காசு கொடுத்து."

"துப்பிடு தாஸ்."

"நல்லாருக்கு அக்கா. உப்புக்கூட சரியா இருக்கு. நான் ஊருக்கு வந்து இன்னிக்குத்தான் சிரிச்சிருக்கேன். இந்தப் பொண்ணுங்களைக் காலி பண்ணச் சொன்னா நானும் காலி பண்ணிடுவேன்."

ரெஜினா மேடம் தம்பியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், நாலு பேரையும் பார்த்தார். நீண்ட பெருமூச்சு விட்டார்.

"இருந்து தொலைங்க. ஆனா ஒண்ணு. இனிமே அந்தச் சமையலறைக்குள்ள உங்கள்ல ஒருத்தி கால்கூடப் படக் கூடாது. சரியா?"

நாலு தலைகளும் ஆடின. இளவஞ்சியின் தலை கொஞ்சம் அதிக நேரம் ஆடியது. அன்று அவள் தன் கட்டிலில், மாவுருண்டை விட்டுப்போன பள்ளத்திலேயே தலைவைத்துப் படுத்தாள். காய்ச்சல் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, மேலே ஏதோ உருளும் சத்தம் கேட்டு ரெஜினா மேடம் மாடியேறி வந்தார். பின்னாலேயே காபிக்கு ஏங்கியபடி அமலதாஸ்.

சமையலறையின் நடுவில், இளவஞ்சி உட்கார்ந்து படிக்கும், காலில் சக்கரம் வைத்த நாற்காலியில், கற்பகம் இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு, பாதங்களை முன்னால் நீட்டியபடி உட்கார்ந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியே நின்று மெஹராஜ் துடைப்பக் கம்பால் நாற்காலியை அடுப்புப் பக்கம் தள்ளினாள். திரும்ப இழுப்பதற்கு நாற்காலியின் முதுகில் துப்பட்டாவைக் கட்டி, அதன் மறுமுனையை ஜெபஸ்டினா இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"கால் படலீங் மேடம்" என்றாள் கற்பகம், பாதத்தை இன்னும் ஓரங்குலம் தூக்கிக் காட்டி.

மேடம் நாற்காலியின் அடியைச் சுட்டிக்காட்டினார்.

இளவஞ்சி முன்னால் வந்தாள். நேற்றிலிருந்து அவளுக்குப் பேச்சு பழகியிருந்தது. "அதைப் பத்திக் காலையில அஞ்சு மணியிலேருந்து பேசினோம் மேடம். நாற்காலிக்கு அஞ்சு கால் இருக்கு. ஆனா நீங்க சொன்னது எங்கள்ல ஒருத்தி கால்னு. நாற்காலி எங்கள்ல ஒருத்தி இல்லைன்னு மெஹராஜ் நிரூபிச்சுட்டா. மூணு பக்கம் வந்தது."

அமலதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, "அடுத்த நடை எனக்கு" என்றார்.

ரெஜினா மேடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் அதை இவர்கள் செய்துவிடுவார்கள் என்பது ஞாபகம் வந்து, மூடிக்கொண்டார். நாலு பேரும் அவர் வாயையே பார்த்தபடி, கம்பும் துப்பட்டாவும் நீட்டிய பாதமுமாக அசையாமல் காத்திருந்தார்கள். அடுப்பில் பால் ஏறிக்கொண்டே வந்தது. இறக்கும்படி யாரும் சொல்லவில்லை.

பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் ஓடியது.

ஜெபஸ்டினா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கைதட்டினாள்.

"எக்கா, பால் பொங்கிடுச்சு! இனிமே வீடு நமக்குத்தான்!"